காசிக்குப் போன இரண்டு வருஷம்

காசிக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். ஊர் கூடி வழியனுப்பும். திரும்பி வந்தால் சமாராதனை நடக்கும், செம்பில் கங்கை வரும். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு வீட்டிலிருந்து நூறு வருஷத்துக்கு முன்னால் காசிக்குப் போனதாகச் சொல்லப்படும் மனிதர் மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது சமாராதனையும் இல்லை, சர்க்கார் உத்தியோகமும் இல்லை. செம்பு மட்டும் இருக்கிறது. மூடி ஈயம் வைத்து அடைக்கப்பட்டு, பூஜை அலமாரியின் மேல்தட்டில்.

அவருடைய கொள்ளுப்பேரன் சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறவினர் வீட்டுச் சுபஸ்வீகாரம் ஒன்றில், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், தூரத்து மாமா ஒருவர் அவர் காதோரம் சிரித்தார்: “காசியாவது கத்திரிக்காயாவது! பூஜப்புரைக் காசிடா அது. கணக்குல கை வச்சார்.” பூஜப்புரையில் இருப்பது திருவனந்தபுரம் மத்தியச் சிறை. தமிழ்நாட்டில் ‘மாமியார் வீடு’ என்றும் ‘களி தின்பது’ என்றும் சொல்வதைக் கேரளத்தில் ‘கோதம்புண்டை தின்னப் போனான்’ என்பார்கள். அக்ரகாரம் இன்னும் கௌரவமான ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருந்தது. அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினார்.

குழித்துறை தாண்டிப் பாறசாலை வந்ததும் நிலையப் பலகையில் தமிழ் போய் மலையாளம் வருகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் அந்த இடத்தில் எல்லையே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அந்தப்பக்கம் செங்கோட்டை எல்லாமே திருவிதாங்கூர்தான். எல்லை நகர்ந்தது. பத்மநாபபுரத்திலும் தோவாளையிலும் அதற்கு முன்னால் நடந்த வழக்குகளைப் பற்றிய சர்க்கார் கடிதங்களும் மேல்முறையீட்டுக் காகிதங்களும் கூடவே நகர்ந்துவிடவில்லை. நாஞ்சில் நாட்டு முன்னோரைத் தேடுகிறவர் நாகர்கோவிலில் தொடங்கினாலும், எழும்பூரில் 1909இல் கட்டிய கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்கினாலும், ஒருநாள் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். மேற்கு மாம்பலத்துக்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை. அவருடைய ஆள் திருவனந்தபுரத்துக்குள்ளேயே மாட்டியவர்.

வலியசாலை, கிள்ளியாற்றுக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெருவின் கீழ்க்கோடியில் இருக்கிறது. ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள், வாசலில் கோலம், உள்ளே மலையாளம் கலந்த தமிழ். காந்தளூர் மகாதேவர் கோயிலில் சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் ஒரே வளாகத்தில் சன்னிதி உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி முதல் வெற்றியாகச் சொல்லும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று தெருக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். விழிஞத்தை ஒட்டித்தான் அது இருந்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

இங்கே ஒரு செப்பேட்டைச் சொல்லாமல் நகர முடியாது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் அமைத்தான். 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்கும் இடம். காந்தளூர் முறைப்படி அது நடக்க வேண்டும் என்கிறது செப்பேடு. கூடவே ஒழுங்குமுறையும் வருகிறது: தங்களுக்குள் சண்டை போட்டால் தண்டம். ஆக, காந்தளூர் பெயரைச் சொல்லும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றிலேயே அபராதப் பட்டியல் இருக்கிறது! ஹஜூர் கச்சேரியில் வைத்திருந்ததால் ஆய்வாளர்கள் இதை ஹஜூர் கச்சேரிச் செப்பேடு என்கிறார்கள். 1869இல் கட்டி முடித்த அந்தக் கச்சேரிதான் இன்றைய தலைமைச் செயலகம்.

வலியசாலை வீட்டில் இருக்கும் அத்தைக்கு எண்பத்தாறு வயது. தகப்பனாரின் ஒன்றுவிட்ட அக்கா. காசிக்குப் போனவர் அவளுக்குத் தாத்தா, சின்ன வயதில் பார்த்தும் இருக்கிறாள்.

“நீ எதுக்காக்கும் இதையெல்லாம் கிளர்றே?” என்றாள் காப்பியை நீட்டிக்கொண்டே.

“தெரிஞ்சுக்கணும் அத்தை. நானும் முப்பத்தஞ்சு வருஷம் பணம் எண்ணினவன்.”

“தாத்தாவும் எண்ணுவார் கேட்டியா. தேங்கா பறிச்சுப் போட்டா எண்ணுவார். எண்ணினதைத் திருப்பி எண்ணுவார்.”

அதற்குமேல் அன்று அவள் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து செம்பை இறக்கிக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. குலுக்கினால் தண்ணீர் ஆடுவது தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் சாலைக் கம்போளம் வழியாகக் கோட்டைக்கு நடந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. அரிசி, வெற்றிலை, சங்கிலி, கயிறு, பித்தளைக் குத்துவிளக்கு என்று நீண்டுகொண்டே போகிறது. ஒரு பாத்திரக் கடையில், பஞ்சபாத்திரத்துக்கும் தூபக்காலுக்கும் நடுவே, மூடியில் ஈயம் வைத்த கங்கைச் செம்புகள் வரிசையாக இருந்தன. பெரிது, நடுத்தரம், சிறியது. அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வலியசாலையிலிருந்து இருபது நிமிஷ நடை.

கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகக் கட்டடத்தின் கதையை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் ‘ரொம்பச் செயற்கை’ என்று ஒதுக்கியிருப்போம். முதலில் அது திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் தங்கிய முகாம். பிறகு சிறை ஆயிற்று. 1886இல் பூஜப்புரையில் புதிய சிறை வந்ததும் கைதிகள் அங்கே போனார்கள், காலியான கட்டடத்துக்குள் சர்க்கார் ஓலைகள் வந்து குடியேறின. ஆள்களை அடைத்த இடத்தில் ஆள்களைப் பற்றிய எழுத்தை அடைத்தார்கள்.

ஒரு கோடிக்கு மேல் ஓலைகள் அங்கே இருக்கின்றன. சுருட்டிக் கட்டிய ஓலைக்கட்டுக்குச் சுருணை என்று பெயர். பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலகம் ஆவணங்கள் மட்டுமே மூவாயிரம் சுருணைக்கு மேல். ராஜா பிறப்பிக்கும் உத்தரவு நீட்டு. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, கிரந்தம், தமிழ் என்று எழுத்தே பலவகை. 2022 டிசம்பரில் கட்டடத்தின் ஒரு பகுதியை ஓலைச்சுவடி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எட்டுக் கூடங்கள், 187 சுவடிகள். குளச்சல் போர் பற்றிய ஓலையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். உள்ளே எலுமிச்சைப்புல் தைலத்தின் வாசனை. பூச்சி அரிக்காமலும் ஓலை ஒடியாமலும் இருக்கத் தடவுவது. அந்த வாசனையில் இது சிறைக்கூடம் என்பது மறந்துவிடும், ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கும்வரை.

அவர் தேடியது ஓலையில் இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது திருவிதாங்கூர் நிர்வாகம் பெரும்பாலும் காகிதத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஓலையைப் பார்த்தது வீணாகவில்லை. சர்க்கார் ஒரு மனிதனை எப்படி எழுதும் என்று அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

முதல் சிக்கல் பெயர். வீட்டில் எல்லோரும் அய்யர். திருவிதாங்கூர்க் காகிதத்தில் அய்யர் கிடையாது, அய்யன்தான். மார்த்தாண்ட வர்மாவின் வலது கையாக இருந்த தளவாயே ராமய்யன்தானே! ஆங்கிலக் கோப்பில் அதே அய்யன் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் திரிவார். இனிஷியல் இருக்காது, வீட்டுப் பெயர் இருக்கலாம். இரண்டாவது சிக்கல் சாதிக் கட்டம். நாலு தலைமுறையாக வலியசாலையில் பிறந்து வளர்ந்தாலும் தமிழ்ப் பிராமணர் அங்கே ‘பரதேசப் பிராமணர்’. அந்தக் கட்டத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. பிராமணர்களையும் பெண்களையும் தூக்கிலிடுவதில்லை என்ற வழக்கம் திருவிதாங்கூரில் நெடுங்காலம் இருந்தது. ஒரே குற்றம், சாதிக் கட்டத்தில் எழுதியது வேறு, கழுத்துக்கு வந்தது வேறு. 1940 டிசம்பரில் கல்லறை – பாங்கோடு போராட்டத்துக்காகப் பூஜப்புரையில் தூக்கில் போடப்பட்ட கொச்சப்பி பிள்ளைக்கும் பட்டாளம் கிருஷ்ணனுக்கும் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. நாலு வருஷம் கழித்து, 1944இல், திருவிதாங்கூர் தூக்குத் தண்டனையையே எடுத்துவிட்டது.

மூன்றாவது, தேதி. கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், நம்முடைய ஆவணியில், பிறக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர்வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி தொட்டு 825. இதைத் தவறவிட்டு ஒரு வருஷம் தள்ளித் தேடி, ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வங்கிக்காரருக்கு இது விளையாட்டு. சின்ன அட்டையில் மாதவாரியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலாவது சிக்கலுக்கு அட்டை உதவாது. கோர்ட்டுக் கட்டுகள் எல்லாம் என்றென்றும் வைத்திருப்பதற்கில்லை. தீர்ப்பும் பதிவேடும் நெடுநாள் இருக்கும். சாட்சி வாக்குமூலம், மனு, சம்மன் எல்லாம் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படும். ஆக, என்ன தண்டனை என்பது மிஞ்சும், ஏன் செய்தார் என்பது போய்விடும். உயர்நீதிமன்றம் வரை போன வழக்கானால் அதிர்ஷ்டம். திருவிதாங்கூர் ஹைகோர்ட்டின் முக்கியமான தீர்ப்புகள் சட்டத் தொகுதிகளாக அச்சேறியிருக்கின்றன. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது ஹைகோர்ட் எறணாகுளத்துக்குப் போய்விட்டதால், அதற்கு மேலே தேடுகிறவர் அங்கேயும் ஒரு நடை போக வேண்டும்.

அச்சேறிய தீர்ப்புக்கு இருக்கும் பலம் செங்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தவர், புனலூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். இரண்டும் அன்று திருவிதாங்கூர். சென்னை உயர்நீதிமன்றத்தில் 14 பேர்மீது சதி வழக்கு நடந்து, 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு. அந்தத் தீர்ப்பு எந்தச் சட்ட நூலகத்திலும் கிடைக்கும். யார் யாருக்குக் கடிதம் எழுதினார், எந்த ஊரில் யார் வீட்டில் கூடினார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. அந்த 14 பேரின் சந்ததியார் எவரும் தாத்தாவைத் தேடி மூட்டை அவிழ்க்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சும் கோப்பும் சேர்ந்து இருந்தும் நினைவு தன் போக்கில் போகும் என்பதற்குப் பூஜப்புரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. வைக்கம் போராட்டத்தில் பெரியார் இருந்த சிறை இதுதான். அங்கே அவருக்கு ஆறு மாதத் தண்டனை என்று பல இடங்களில் எழுதி வந்திருக்கிறார்கள். பழ. அதியமான், ‘வைக்கம் போராட்டம்’ நூலுக்காகக் கோப்புகளையும் பத்திரிகைகளையும் புரட்டி நாள்கணக்குப் போட்டார். 1924 ஏப்ரல் 13ஆம் தேதி பெரியார் வைக்கம் வருகிறார். மே 22ஆம் தேதி கைது, ஒரு மாதம், அருவிக்குத்திச் சிறை. வெளியே வந்தவர் ஊருக்குப் போகாமல் மறுபடி களத்துக்கே போகிறார். ஜூலை 18ஆம் தேதி மீண்டும் கைது, இந்தமுறை நான்கு மாதக் கடுங்காவல், திருவனந்தபுரம் மத்தியச் சிறை. ஆகஸ்ட் 7ஆம் தேதி மூலம் திருநாள் மகாராஜா இறந்துபோகிறார். ரீஜண்டாக வந்த சேது லட்சுமி பாய் சத்தியாக்கிரகிகளை விடுவிக்க, ஆகஸ்ட் 31ஆம் தேதி பெரியாரும் வெளியே வருகிறார். 141 நாளில் 74 நாள் சிறை. நாலு மாதமும் முழுதாக முடியவில்லை, ஆனால் ‘கொஞ்ச நாள் உள்ளே இருந்தார்’ என்று யாராவது தட்டிவிட்டால் நீட்டிக் காட்ட எண் இருக்கிறது.

எண்ணில் வராததும் ஒன்று இருக்கிறது. அதே சிறையில் அரசியல் கைதியாக இருந்த கே.பி. கேசவமேனன், காலில் விலங்கும் தலையில் கைதிக் குல்லாயும் முழங்கால்வரை வேட்டியும் கழுத்தில் எண் பொறித்த மரப்பட்டையுமாக, கொலைக் கைதிகளோடும் கொள்ளைக் கைதிகளோடும் வேலை செய்த ஈ.வெ.ராவைத் தன்வரலாற்றில் எழுதிவைத்தார். சர்க்கார் பதிவேடு மரப்பட்டையின் எண்ணை எழுதும். அது கழுத்தில் தொங்கிய காட்சியைப் பக்கத்து அறைக்காரர்தான் எழுத வேண்டும்.

மேற்கு மாம்பலத்துக்காரருக்கு இதையெல்லாம் படிக்கப் படிக்க ஒரு பொருமல் ஏற்பட்டது, அதை மறைக்கவும் இல்லை. தேசத்துக்காகச் சிறை போனவரின் காகிதம் சட்டம்போட்டு மாட்டப்படுகிறது. கணக்கில் கை வைத்தவரின் காகிதம் காசியாகிவிடுகிறது. மத்திய அரசு 1972இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது சிறைச் சான்றிதழுக்கு மவுசு வந்தது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும், சான்று கொடுக்கும் சிறையில் பதிவேடு இல்லையென்றால் கூட இருந்த கைதி எழுதித்தர வேண்டும். ‘இவர் என்னோடு சிறையில் இருந்தார்’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டதில் எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. நேசமணி தலைமையில் தெற்கெல்லைக்காகப் போராடிச் சிறை போனவர்களுக்கும், எல்லைப் போராட்டத் தியாகிகள் என்று தமிழ்நாடு அரசு ஓய்வூதியம் வழங்கியது. வைத்திருந்தால் வீட்டுக்கே அவமானம் என்று ஒருகாலத்தில் கிழித்துப்போட்ட காகிதத்தை, அதே வீட்டார் அலுவலகம் அலுவலகமாகத் தேடினார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை. பிரிட்டன் கப்பலேற்றிய கைதிகளின் வழிவந்தவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பிறப்பை மறைத்தார்கள். ரொட்டி திருடியவனா, ஆடு திருடியவனா என்று இன்று தேடிப்பிடித்துப் பெருமையடிக்கிறார்கள். அந்தக் கைதிப் பதிவேடுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கைதியின் உயரம், கண்ணின் நிறம், பச்சைகுத்தல்வரை அதில் இருக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல் போனது, சிங்கப்பூருக்கு. அங்கே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1861இல் கட்டி முடித்தவர்கள் இந்தியக் கைதிகள். அவர்களுடைய பேரன்கள் பேத்திகள் யாரென்று நமக்குத் தெரியாது. நம் ஊரில் யாரும் ‘என் பாட்டன் கன்னம் வைத்தான்’ என்று குடும்ப விருட்சம் வரைவதில்லை.

மூன்றாம் நாள் அவர் பாளையத்துக்குப் போனார். 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் அங்கே இருக்கிறது. அவருக்கு வேண்டியது திருவிதாங்கூர் சர்க்கார் கெசட். 1863 முதல் வந்தது, நியமனம், மாற்றல், விடுப்பு, பதவி நீக்கம் எல்லாம் அச்சாகும். ஒருவர் சர்க்கார் சம்பளம் வாங்கியிருந்தால், நல்லதோ கெட்டதோ, கெசட்டில் தலைகாட்டாமல் போவது அபூர்வம். கொள்ளுத்தாத்தா தாலுகா கச்சேரியில் சம்பிரதி, அதாவது கணக்கு எழுதுகிறவர். வரி வசூல், கஜானா இருப்பு, பகுதி பகுதியாகப் பார்வத்தியக்காரர்கள், அதாவது கிராம வரி அதிகாரிகள், கட்டிய பணம் எல்லாம் அவர் பேரேட்டில் வந்து விழும்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குமேல், 1092ஆம் ஆண்டுத் தொகுதியில், கும்ப மாதத்தில், ஆள் அகப்பட்டார். இரண்டே வரி. இன்ன தாலுகா சம்பிரதி இன்ன அய்யன், தண்டனை பெற்ற நாள்முதல் உத்தியோகத்திலிருந்து நீக்கப்படுகிறார். மேலே ஒருவருக்கு மருத்துவ விடுப்பு. கீழே ஒருவருக்குச் சம்பள உயர்வு. எவ்வளவு குறைந்தது, யார் கண்டுபிடித்தது, பணம் என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவருக்கு அந்த மௌனம் புரிந்தது. இருப்பு குறைந்தால் இரண்டே காரணம்தான் எழுதுவார்கள், எடுத்தான் அல்லது கவனிக்கவில்லை. மேலதிகாரி கடனாகக் கேட்டு வாங்கிப்போனது, வரி கட்டாதவனுக்காக இரக்கப்பட்டுக் கட்டியதாக எழுதியது, இதற்கெல்லாம் பேரேட்டில் பத்தி கிடையாது. அப்படித்தான் நடந்தது என்று அவர் சொல்லவில்லை. திருடியிருக்கவும் கூடும் என்று அன்று இரவு அத்தையிடமே சொன்னார்.

1092 கும்பம் என்றால் 1917 பிப்ரவரி, மார்ச். உள்ளே போன தேதி கிடைத்துவிட்டது. வெளியே வந்த தேதி?

அதை அத்தை வீட்டு மரப்பெட்டி சொன்னது. அதில் ஜாதகக் கட்டு ஒன்று இருந்தது, மஞ்சள் தடவிய ஓரங்களோடு. சிறையிலிருந்து திரும்பிய பிறகு பிறந்த மகனின் ஜாதகமும் அதில் இருந்தது. அந்த மகன்தான் மேற்கு மாம்பலத்துக்காரரின் தாத்தா. ஜனனம், கொல்லம் 1094 மீனம். அதாவது 1919 மார்ச், ஏப்ரல். அவர் விரல்விட்டு எண்ணினார். பத்து மாதம் பின்னால் போனால் 1918 ஜூன். அப்போதாவது மனிதர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். 1917 பிப்ரவரியிலிருந்து பதினாறு மாதம். இரண்டு வருஷம் இல்லை!

“பதினாறு மாசம் தான் அத்தை. மிஞ்சிப்போனா.”

“வருஷம் ரெண்டுன்னுதான் அம்மா சொல்லுவா.” அத்தை கொஞ்சம் யோசித்தாள். “காத்துண்டிருக்கறவாளுக்கு அது ரெண்டு வருஷமாக்கும்.”

சிறைப் பதிவேட்டைக் கேட்டு ஒரு மனு எழுதுவது என்று முடிவாயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி இருபது வருஷத்துக்கு முந்தைய விஷயத்தைப் பெரும்பாலான காரணங்களைக் காட்டி மறுக்க முடியாது. மனுவில் பெயரை நாலு எழுத்துக்கூட்டலில் எழுதினார். அய்யன், அய்யர், ஐயன், ஐயர். சாதிக் கட்டத்துக்கு ‘பரதேசப் பிராமணர்’. குற்றம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

நாலாம் நாள் ஆட்டோ பிடித்துப் பூஜப்புரைக்குப் போனார். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் திருவனந்தபுரம் வருவார்கள். குமாரசுவாமி தங்குவது வலியசாலைக்குப் பக்கத்தில் ஆரியசாலைக் கோயிலில். விஜயதசமியன்று வெள்ளிக்குதிரை ஏறிப் பூஜப்புரை மண்டபத்துக்குப் பள்ளிவேட்டைக்குப் போவார். கொள்ளுத்தாத்தா உள்ளே இருந்த காலத்தில் வந்த விஜயதசமிக்கு அந்த மேளச்சத்தம் மதிலுக்குள் கேட்டிருக்கும். மண்டபத்துக்கும் சிறைக்கும் அவ்வளவு தூரமில்லை. ஆட்டோக்காரர் மலையாளத்தில் கேட்டார், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று. “ஒரு சொந்தக்காரர்” என்றார் இவர்.

வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை, விட வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் வெளியே ஒரு கூட்டம் நின்றது. கேரளச் சிறைகளில் கைதிகள் சப்பாத்தி சுட்டு விற்கிறார்கள். முதலில் இரண்டு ரூபாய்க்கு ஒரு சப்பாத்தி என்று தொடங்கியது, பிறகு குருமாவும் பிரியாணியும் சேர்ந்துகொண்டன. அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திப் பொட்டலம் வாங்குகிறார்கள். கூச்சமே கிடையாது. இவரும் வரிசையில் நின்று பத்துச் சப்பாத்தி வாங்கினார்.

வலியசாலைக்குத் திரும்பியபோது விளக்கேற்றும் நேரம். மேல்தட்டில் செம்பு தன் இடத்தில் இருந்தது. அத்தை அன்று புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், பளபளத்தது. அதே மாதிரிச் செம்புகளைச் சாலைக் கம்போளத்தில் பார்த்ததை அவர் சொல்லவில்லை. சப்பாத்திப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

“எங்கேருந்து வாங்கினே?”

சொன்னார். அத்தை பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. வெளியே வாங்கின பண்டம் எதையும் அந்த வீட்டில் அவள் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

“காசிப் பிரசாதம்னு சொல்லிடறேன்” என்றவள், உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டுத் தட்டு கொண்டுவரச் சொன்னாள்.